கிரே மேரின் பக்கத்துக் கதவு

எனிட் சக்டனை நான் முதன்முதலில் பார்த்தது, அவள் தன் கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று.

1963 நவம்பர் மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கிரே மேர் பப்பில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம் அது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பூவேலை, ஆள் உயரத்துக்குப் பச்சை ஓடு பதித்த சுவர், கப்பலின் வயிறு மாதிரி வளைந்த மஹோகனி கவுண்டர். லீட்ஸ் வண்டி கடந்து போகும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் கிளாஸ்கள் குளிரில் பல் அடிப்பதுபோல் கிடுகிடுக்கும். முன்வாசல் வழியாக நுழைந்தால் பெரிய கூடம். அங்கே ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்குச் சந்துப் பக்கம் தனிக் கதவு. அதற்குள்ளே ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காரும் ஒரு சின்ன அறை. சுவரில் இருந்த சிறு ஜன்னல் வழியாக அவர்களுக்குக் கிளாஸை நீட்டுவோம். கவுண்டருக்குள் நின்று ஊற்றிக் கொடுக்கும் என்னை யாரும் பெண் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பப்பை நடத்தியவர் சிரில் பிரெய்த்வெயிட். எப்போதும் கழுத்துப்பட்டை, மேலே கோட் இல்லாமல் வெறும் வேஸ்ட்கோட். ஊர் ரயில்காரர்கள் அத்தனை பேரும் அவர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பார்கள்.

எனிட்டின் கணவன் வில்ஃப், ரயில் யார்டில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங் வேலை பார்த்தவர். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், மூடுபனிக்குள் இரண்டு வேகன்களுக்கு நடுவே சிக்கிச் செத்துப்போனார். விசாரணையிலும் மூடுபனி என்றே எழுதினார்கள். அடக்கம் முடிந்து யார்டுக்காரர்கள் பத்துப் பேர் கையில் கறுப்புத் துக்கப் பட்டையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முன்கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், முப்பது வயதிருக்கும், நேராக உள்ளே வந்து நின்றாள்.

"பொம்பளைங்க பக்கத்துக் கதவும்மா" என்றார் சிரில்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்."

"எந்தக் கேள்வியா இருந்தாலும் பக்கத்துக் கதவு வழியா வா."

"என் புருஷன் உக்காந்திருந்த எடத்துல நின்னுதான் கேக்கணும், மிஸ்டர் பிரெய்த்வெயிட்."

சிரில் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். அவளுடைய முழங்கைக்கு மேலே பிடித்தார். "தெல்மா, கதவைத் திற" என்றார் என்னிடம். நான் திறந்தேன்.

அவள் திமிறவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களில் ஆர்னால்ட் பாக்ஸன் அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அவர் தன் கிளாஸுக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்துகொண்டார். ஒருவரும் எழவில்லை. வெளியே படி ஈரமாக இருந்தது. சிரில் கையை விட்டதும் வழுக்கி முட்டி போட்டு விழுந்தாள். காலுறை கிழிந்து ரத்தம் வந்தது. எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துபோனாள்.

"பாவம், துக்கத்துல புத்தி கலங்கியிருக்கு" என்று சிரில் சொன்னார். என்ன கேள்வி என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எனிட் பக்கத்துக் கதவு வழியாக வந்தாள். சின்ன அறையின் மூலையில், ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அரை கிளாஸ் கறுப்பு பியர் கேட்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் ஜன்னல் வழியாகச் சிரிலின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். அப்படிப் பதினேழு வருடம் வந்தாள்.

முதல் வருடம் சிரில் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் வருடம் வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆனால் கவுண்டரின் மறுகோடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். ஒருமுறை ஊறுகாய் முட்டை வைத்திருக்கும் பெரிய கண்ணாடி ஜாடியை ஜன்னலை மறைத்து வைத்தார். உள்ளேயிருந்து அமைதியாகக் குரல் வந்தது:

"அந்த ஜாடியக் கொஞ்சம் நகத்துறீங்களா, மிஸ்டர் பிரெய்த்வெயிட்? எதுவும் தெரியல."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரில் ஜாடியை நகர்த்தினார். காது மடல் சிவந்திருந்தது.

சின்ன அறையில் தினமும் இருப்பவர்கள் ஓல்ட்ராய்ட் சகோதரிகள், ஐவியும் மேபலும். இரண்டு பேரும் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்து ஊரையே பின்னுவார்கள். எனிட்டைப் பற்றிய செய்திகள் அவர்கள் மூலம்தான் எனக்கு வரும். ரயில் பெட்டி கழுவும் வேலையை விட்டு ஊழியர் கேன்டீனுக்குப் போனாள். பிறகு அந்தக் கேன்டீனையே நடத்தினாள். பிறகு ரயில்காரர்கள் கிளப்பில் பியர் நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினாள்.

"பீப்பாய் உருட்டறதையும் குழாய் கழுவறதையும் இவ எதுக்குடி கத்துக்கறா?" என்று ஐவி கேட்டாள்.

"இன்னொரு புருஷன் தேடற வயசுல இன்னொரு பீப்பாய் தேடறா" என்றாள் மேபல்.

எழுபத்தைந்தில் சட்டம் வந்தது. ஆண், பெண் என்று பிரித்து வைக்கக் கூடாது என்றார்கள். அந்த வாரம் எனிட் முன்வாசல் வழியாக வருவாள் என்று கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். சிரில்கூடப் புதுக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு, பெரிய மனதோடு வரவேற்கத் தயாராக நின்றார். அவள் வழக்கம்போலச் சந்துப் பக்கமே வந்தாள்.

"முன்னாடி வரலாமே, சட்டமே வந்துடுச்சு" என்று நான் ஜன்னலில் குனிந்து சொன்னேன்.

"அவன் விட்டதால நான் வந்ததா இருக்கக்கூடாது" என்றாள். அவள் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

சிரிலின் மனைவி எழுபத்தேழில் இறந்தாள். அவருக்கு முழங்கால்கள் போயின. 1980இல் பியர் கம்பெனி அவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, பப்பை நடத்த வேறு ஆள் தேடியது. சிரில் கவலைப்படவில்லை. பக்கத்துத் தெருவில் வீடு எடுத்துக்கொண்டு, "எவன் வேணா வரட்டும், கவுண்டர் ஓரத்து ஸ்டூல் எனக்குத்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது முன்கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவே எனிட் நின்றிருந்தாள். கையில் சாவிக்கொத்து.

"நீ இருக்கப்போறியா, போகப்போறியா, தெல்மா?"

"இருக்கேன், மிஸஸ் சக்டன்."

"எனிட்னே கூப்பிடு. மொதல்ல அந்த முட்டை ஜாடியத் தூக்கி வெளிய போடு."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சிரில் வந்தார். புதிதாக முடி வெட்டியிருந்தார். கைத்தடியைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு ஓரத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். கூடம் நிறைந்திருந்தது. பதினேழு வருடத்தில் பாதிப் பேர் புது முகங்கள். ஆர்னால்ட் பாக்ஸன் மட்டும் அதே மேசையில் இருந்தார்.

"வாழ்த்துகள், மிஸஸ் சக்டன். வழக்கமானதுல ஒரு பைண்ட் கிளாஸ்."

எனிட் அவரைப் பார்த்தாள். "பக்கத்துக் கதவு, மிஸ்டர் பிரெய்த்வெயிட்."

சிரில் சிரித்தார். "ஆகா, நல்லாத்தான் இருக்கு ஜோக்கு. ஊத்துங்க."

"பக்கத்துக் கதவு."

அவர் சுற்றிலும் பார்த்தார். சேர்ந்து சிரிக்க யாரும் வரவில்லை. "இந்த எடத்த இருபத்தஞ்சு வருசம் நடத்துனவன்மா நான்."

எனிட் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தாள். அவருடைய முழங்கைக்கு மேலே பிடித்தாள். "தெல்மா, கதவத் திற."

நான் திறந்தேன். வேறென்ன செய்ய?

ஆர்னால்ட் பாதி எழுந்தார். "எனிட், வயசான மனுசன், விட்டுடேன்."

"இந்த வாய் பதினேழு வருசத்துக்கு முன்னாடி எங்க போயிருந்துச்சு, ஆர்னால்ட்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். சிரில் படியிறங்கினார். கைத்தடியை உள்ளேயே மறந்துவிட்டிருந்தார். எனிட் அதை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரம் அவரைக் காணவில்லை. வேறு பப்புக்குப் போக வேண்டுமானால் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்த முழங்கால்களோடு அது நடக்காது. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. நான்காவது வாரம் பக்கத்துக் கதவு மெதுவாகத் திறந்தது.

"அடியே மேபல், நகந்து உக்காரு. புதுப் பொண்ணு வந்திருக்கா" என்றாள் ஐவி.

"வெக்கப்படாத கண்ணு, உள்ள வா. தொப்பியக் கழட்டு, முடியழகைப் பாப்போம்" என்றாள் மேபல்.

சிரிலின் வழுக்கைத் தலை செக்கச்செவேல் என்று ஆனது. ஜன்னல் வழியாக எனிட் கிளாஸை நீட்டியபோது அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அன்று எனிட் முகத்தில் நான் பார்த்ததைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வெகுநாள் பசித்தவர் முதல் வாய் சாப்பிடும்போது முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஆனால் கோடைக்குள் விஷயம் மாறிப்போனது. சகோதரிகள் அவருக்குப் பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி கொண்டுவந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி நூற்கண்டு சுற்றக் கொடுத்தார். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு இப்போதுதான் தெரியவந்தது. ஒரு நாள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பது கூடம் வரைக்கும் கேட்டது. பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த எனிட்டின் கை நின்றது.

"அவன் சிரிக்கிறான், தெல்மா."

"ஆமா."

"என் எடத்துல உக்காந்துக்கிட்டுச் சிரிக்கிறான்."

அக்டோபரில் ஒரு மாலை, சிரில் மூன்றாவது கிளாஸ் வாங்க ஜன்னலுக்கு வந்தார். நான் எனிட்டின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும், மிஸஸ் சக்டன். அந்தப் பக்கம் நின்னு நின்னு கால் போனதுதான் மிச்சம். இங்க ராஜா மாதிரி இருக்கேன்."

எனிட் ஊற்றினாள். அதோடு விட்டிருக்கலாம் அவர். விடவில்லை. அவள் முகத்தில் ஒரு கீறலாவது போட்டுவிட வேண்டும் என்று பட்டிருக்கும்.

"அன்னைக்கு உங்கள ஏன் வெளிய அனுப்பினேன்னு நெனச்சீங்க? உங்க நல்லதுக்குத்தான். வில்ஃப் அன்னைக்கு மத்தியானம் குடிச்சிருந்தான். நாலு பைண்ட். தள்ளாடிக்கிட்டுத்தான் யார்டுக்குப் போனான். அது வெளிய வந்திருந்தா உங்க பென்ஷன் போயிருக்கும்."

சின்ன அறையில் ஊசிச் சத்தம் நின்றது.

"உங்க பப் லைசென்ஸும் போயிருக்கும்" என்றாள் எனிட்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில அவர் கோட்டைக் குடுத்தாங்க. மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்தேன். பஸ் முழுக்க பியர் வாடை. பதினாலு மாசம் ஒரு சொட்டுத் தொடாத மனுசன். எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவர். அவருக்கு யார் ஊத்துனது, எதுக்கு ஊத்துனதுன்னு கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன். இன்னும் பதில் வரல."

சிரில் கிளாஸுக்காகக் கை நீட்டினார். எனிட் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன்வாசல் வழியா வாங்க. கூடத்துல நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி அந்தப் பதிலைச் சொல்லுங்க. அன்னையிலேருந்து ஸ்டூல் உங்களுது. அதுவரைக்கும் இந்த ஜன்னலும் கிடையாது."

மரப்பலகையை இழுத்து ஜன்னலை மூடினாள்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவர் சின்ன அறையில் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். ஆனால் ஓல்ட்ராய்ட் சகோதரிகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்கள். ஐவி தன் நூல் கூடையை எடுத்து அவருக்கும் தனக்கும் நடுவே வைத்தாள்.

"வில்ஃப் எங்க தெருப் பையன்" என்றாள். "அவன் அம்மாவுக்கு நான்தான் பிரசவம் பாத்தேன்."

ஏழு வாரம் ஓடியது. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன்கதவு திறந்தது. சிரில் தன் பழைய வேஸ்ட்கோட்டைப் போட்டிருந்தார், அது இப்போது தொளதொளவென்று தொங்கியது. கூடத்தின் நடுவே வந்து நின்றார். யார்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனிட் கவுண்டருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அறுபத்திமூணு நவம்பர் பதினாலு" என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு என் பொறந்தநாள். எல்லாருக்கும் நான் வாங்கிக் குடுத்தேன். வில்ஃப் சக்டன் லெமனேட் கேட்டான். குடுத்தேன். அப்புறம் அவன் கையிலேருந்து புடுங்கித் தொட்டியில ஊத்துனேன். பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சொன்னேன். நீ ஆம்பளையான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணு குடிச்சான். அப்புறம் எத்தன கிளாஸ்ல தள்ளாடுவான்னு பந்தயம் கட்டுனோம். நான் நாலுன்னு கட்டுனேன்."

"அப்புறம்?" என்றாள் எனிட்.

"ஜெயிச்சேன்."

ஒரு சரக்கு வண்டி வெளியே கடந்து போனது. அலமாரியில் கிளாஸ்கள் கிடுகிடுத்தன.

"வேற யாரெல்லாம் கட்டுனாங்க?"

ஆர்னால்ட் பாக்ஸன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் தாண்டி வெளியே போனார். அதன் பிறகு அவர் கிரே மேர் பக்கமே வரவில்லை.

எனிட் ஒரு பைண்ட் ஊற்றினாள். நிதானமாக, நுரை வழியாமல். ஓரத்து ஸ்டூலின் முன்னால் வைத்தாள். "உக்காருங்க. உங்க எடம்."

சிரில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த இளைஞன் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அடுத்தவனும் போனான். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தினமும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து போகிறவர்கள். வில்ஃபை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. கவுண்டரின் அந்தப் பாதி முழுக்கக் காலியாகிவிட்டது.

அதன் பிறகு மூன்று வருடம் அவர் வந்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இடத்துக்கு வராமல் இருக்க அவரால் முடியவில்லை. அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் சொல்ல ஆரம்பித்த ஜோக்குகள் பாதியில் நின்றுபோயின. கிளாஸை அவர் பக்கம் நகர்த்துவது என் வேலை. எனிட் அவருக்கு ஒருநாளும் மறுத்ததில்லை, "குட் ஈவினிங், மிஸ்டர் பிரெய்த்வெயிட்" என்று சொல்லத் தவறியதுமில்லை.

ஒருமுறை அவர் கேட்டார்: "நான் அந்தச் சின்ன ரூமுக்கே போயிடறேனே, மிஸஸ் சக்டன்?"

"அங்க உங்கள யாரும் கூப்பிடல. நீங்க கேட்டது ஸ்டூல். குடுத்தாச்சு."

1983 குளிர்காலத்தில் சிரில் இறந்தார். அடக்கத்துக்கு ஆறு பேர் போனார்கள், நானும் ஒருத்தி. எனிட் அன்று வழக்கம்போலப் பதினொரு மணிக்குக் கடை திறந்தாள்.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன், நானும் அவளும் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தோம். இருபது வருடமாக நெஞ்சில் கிடந்ததை அப்போதுதான் எடுத்து வெளியே வைத்தேன்.

"எனிட், அந்த நாலாவது கிளாஸ வில்ஃப் மேசைக்குக் கொண்டுபோய் வச்சது நான்தான். சிரில் கொண்டுபோகச் சொன்னார். வில்ஃப் வேண்டாம்னு தலையாட்டினார். நான் வச்சுட்டு வந்துட்டேன். நானும் சிரிச்சேன்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. மூணு வருசமா அவனுக்குக் கிளாஸ நகத்தும்போதெல்லாம் நீ திருட்டுத்தனமா என்னப் பாக்கற. எனக்குக் கண்ணு இல்லையா? எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"இப்ப சொல்லிட்டேன்."

"அவன் செத்தப்புறம் சொல்ற. அன்னைக்கு அவன் தனியா நின்னு சொன்னப்ப நீ இதே எடத்துல நின்னுக்கிட்டிருந்த. வாயத் திறக்கல." துணியைப் பிழிந்து தொட்டியின் விளிம்பில் போட்டாள். "அவனாவது எல்லார் முன்னாடியும் சொன்னான். இந்த மாசக் கடைசி வரைக்கும் வேலை பாரு. வேற எடம் தேடிக்கோ."

நான் கெஞ்சினேன். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. வேறு வேலை எதுவும் தெரியாது. அவள் காது கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் கைகுலுக்கி அனுப்பினாள். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது.

அவள் செய்தது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பதினேழு வருடம் அவளுக்குக் கிளாஸ் நீட்டிய கை என்னுடையது. அன்று எனக்குப் பத்தொன்பது வயது, சொன்னதைச் செய்தேன். இப்படியெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அடுத்தவர் காலில் செருப்பை மாட்டிவிட்டபடி வருடக்கணக்கில் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று நான்கில் எனிட் ஓய்வுபெற்று, பிரிட்லிங்டன் கடற்கரைப் பக்கம் குடிபோகப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஊரே கையெழுத்துப் போட்ட பெரிய வாழ்த்து அட்டை ஒன்று என் கடைக்கும் வந்தது. மேபல்தான் ஊன்றுகோலோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு பேரு எழுதுடி, தெல்மா. உனக்கு என்ன கொறஞ்சிடப்போவுது?"

மேபல் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் வாங்கவில்லை.